முயலின் குடலிடம் என்ன கேட்டோம்?

முந்தின நாள் அந்த முயலை மயக்கத்தில் ஆழ்த்தி வயிற்றைத் திறந்து, சிறுகுடலைப் பட்டு நூலால் துண்டு துண்டாகக் கட்டி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு மில்லி திரவத்தை ஊசியால் செலுத்தித் தைத்து மூடியிருந்தோம். ஒன்றில் காலரா கிருமி. அடுத்ததில் வெறும் உப்பு நீர். அதற்கும் அடுத்ததில், நச்சு தயாரிக்கும் மரபணு நீக்கப்பட்ட அதே கிருமி. ஒன்றின் கசிவு இன்னொன்றில் கலக்காமல் இருக்க இடையிடையே எதுவும் செலுத்தாத சின்னத் துண்டுகள். 18 மணி நேரம் கழித்து, அந்த முயலை வலி தெரியாமல் முடித்துவிட்டு, வயிற்றை மறுபடி திறந்தோம். உப்பு நீர் போன துண்டு நாடா மாதிரி தட்டையாகக் கிடந்தது. காலரா துண்டோ விரல் தடிமனுக்கு வீங்கி, சுவர் விறைத்து, வெளியிலிருந்து பார்த்தாலே உள்ளே திரவம் ததும்புவது தெரிந்தது. ஊசி போட்டு உறிஞ்சினால் அரிசி களைந்த தண்ணீர். மருத்துவப் புத்தகங்களில் காலரா நோயாளியின் பேதியைப் பற்றி எழுதியிருக்கும் அதே வர்ணனை, என் கையிலிருந்த சிரிஞ்சுக்குள்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் அது. திரவத்தின் அளவை மில்லியில் எடுத்து, துண்டின் நீளத்தை சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்து நோட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டே, இது காலராதான், காலராவை இந்த முயலுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அது தப்பு என்று புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

அந்தத் துண்டுக்குள் கிருமி தானாக வந்து குடியேறவில்லை, நாங்கள் கொண்டுபோய் வைத்தோம். இரைப்பையின் அமிலத்தை அது தாண்டவில்லை. குடலின் அசைவு அதை அடித்துக்கொண்டு போக வழியில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் முடிச்சு. குடலில் ஏற்கெனவே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடு இடத்துக்காக அது போட்டி போட வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. ஆக, அந்த முயல் சொன்னது ஒரே ஒரு விஷயம்: இந்தக் கிருமி சுரக்கும் ஏதோ ஒன்று குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவர் காலரா வராமல் தப்பிப்பாரா என்று அதே துண்டிடம் கேட்டால், அதனால் பதில் சொல்ல முடியாது. நாம் கேட்டால் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும் என்பதுதான் சிக்கல்.

பாக்டீரியாவால் வரும் பேதி நோய்களுக்கான தடுப்பூசிகளை விலங்குகளில் எப்படிச் சோதிக்கிறோம் என்று விரிவாக எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. "விலங்குகளில் வெற்றி" என்று ஒரு வரிச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நான்கு கேள்வி வரும். எந்த விலங்கு? என்ன வயது? கிருமியை எந்த வழியாகக் கொடுத்தார்கள்? எதை அளந்துவிட்டு வெற்றி என்கிறார்கள்? இந்த நான்கும் இல்லாமல் அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது. பாக்டீரியாக்களின் பக்கம் காலராவுக்கு இருக்கிறது, ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கு இன்றைக்கும் பரவலான பயன்பாட்டில் ஒன்றுமில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. நல்ல விலங்கு மாதிரி, அதாவது மனித நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்கும் முறை, கிடைக்காதது அவற்றில் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்தச் சிக்கல் ஜெர்மானியக் கிருமியியலாளர் ராபர்ட் கோக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1883-ல் எகிப்திலும் அதற்கடுத்து கல்கத்தாவிலும் காலரா நோயாளிகளின் குடலில் கமா வடிவக் கிருமியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் அதை எந்த விலங்குக்குக் கொடுத்தாலும் காலரா வரவில்லை. ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் அதை ஆரோக்கியமான விலங்குக்குக் கொடுத்து நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்ற விதியோடு பெயர் சேர்ந்துபோன மனிதர் அவர். பிறகு கினிப்பன்றிகளுக்கு சோடா கொடுத்து வயிற்று அமிலத்தைக் குறைத்து, அபின் கொடுத்துக் குடலின் அசைவை அடக்கி, அதற்கப்புறம் கிருமியைக் கொடுத்தபோதுதான் அவை செத்தன. அமிலம், அசைவு என்று அன்றைக்கு அவர் கைவைத்த அந்த இரண்டு தடைகளில்தான் இன்றைக்கும் நாங்கள் கைவைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாய் வழி இவ்வளவு கஷ்டமாக இருந்ததால் அடுத்து வந்தவர்கள் சுலபமான வழிக்குப் போனார்கள். கினிப்பன்றியின் வயிற்றுக் குழிக்குள், அதாவது குடலுக்கு வெளியே, நேராகக் கிருமியை ஊசியில் போட்டால் அது செத்துவிடும். ஹாஃப்கின் என்ற ஆய்வாளர் 1892-ல் தன் காலரா தடுப்பூசியை உருவாக்கியபோது அப்படி ஒரு கினிப்பன்றியிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றி மாற்றித்தான் கிருமியின் வீரியத்தை ஏற்றினார். ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1894-ல் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், முன்பே தடுப்பு பெற்ற கினிப்பன்றியின் வயிற்றுக் குழியில் காலரா கிருமிகள் கரைந்துபோவதைக் கண்டார். நோயெதிர்ப்பியல் என்ற துறைக்கே அது ஒரு அஸ்திவாரம். ஆனால் காலரா கிருமி மனிதரில் குடலை விட்டு வெளியே போவதே இல்லை. ரத்தத்துக்கும் போகாது, வயிற்றுக் குழிக்கும் போகாது. அது ஒருபோதும் போகாத இடத்தில் வைத்து அதைத் தடுக்கும் ஊசிகளைப் பல பத்தாண்டுகள் தரம் பார்த்தார்கள். 1960-களில் ஒழுங்கான கள ஆய்வுகள் நடந்தபோது அந்த ஊசிகள் பாதிப் பேரைச் சில மாதங்களுக்குக் காப்பாற்றுவதே பெரிய காரியம் என்று தெரிந்தது. 1973-ல் பன்னாட்டுப் பயணத்துக்கான கட்டாயப் பட்டியலிலிருந்தே காலரா ஊசியை எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் சம்புநாத் டே பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். கல்கத்தாவில் நோயியல் மருத்துவர், வசதி குறைவான ஆய்வுக்கூடம். நான் முதலில் விவரித்த அந்தக் கட்டுப்போட்ட முயல் குடல் முறையை 1953-ல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டவர் அவர்தான். 1959-ல் அதே முறையை வைத்து இன்னொன்று செய்தார். காலரா கிருமியை வளர்த்து, கிருமி முழுவதையும் வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த தெளிந்த நீரை மட்டும் முயல் குடலுக்குள் செலுத்தினார். குடல் வீங்கியது. கிருமியே இல்லாமல் காலராவின் பேதி! கிருமி வெளியே சுரக்கும் நச்சுதான் காரணம் என்று காட்டிய அந்தக் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்தில் தத்தா என்பவர் 1955-ல் பிறந்து சில நாளே ஆன முயல்குட்டிகளில் காலரா மாதிரியான பேதியை உண்டாக்கிக் காட்டினார் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது, பின்னால் அந்தக் குட்டிகளிடம் திரும்ப வருவேன். நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தார்கள். பரிசு வரவில்லை. 1985-ல் இறந்தார். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

டே கேட்ட கேள்விக்கு முயல் குடலைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. 'நீர் எதனால் வெளியேறுகிறது?' என்று கேட்டார், சரியான பதில் வந்தது. அந்தப் பதிலை அடுத்து வந்தவர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்க்க வேண்டும். நச்சுதான் காரணம் என்றால், நச்சுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டால் போதுமே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டிப்தீரியாவிலும் டெட்டனஸிலும் அதுதான் நடந்தது. நச்சுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தால் முயலின் குடல் துண்டு வீங்கவில்லை, நாய்களுக்கும் காலரா வரவில்லை. 1974-ல் வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் செயலிழக்க வைத்த காலரா நச்சை ஊசியாகப் போட்டுக் கள ஆய்வு நடத்தினார்கள். முடிவு ஏமாற்றம், கிடைத்த பாதுகாப்பும் சொற்பம், அதுவும் நிலைக்கவில்லை. மனிதரில் காலராவைத் தடுப்பதில் பெரும்பங்கு கிருமியின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பு, குறிப்பாகக் குடலின் உட்பரப்பிலேயே இருக்கும் எதிர்ப்பு. கிருமியைக் குடலில் ஒட்டவே விடாமல் செய்வதுதான் அங்கே முக்கியம். கட்டுப்போட்ட குடல் துண்டில் ஒட்ட வேண்டிய அவசியமே கிருமிக்கு இல்லை. அதனால் அந்த மாதிரியில் இந்தப் பாதி கண்ணிலேயே படாது.

அடுத்த திருப்பம் 1980-களில். நச்சின் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டு, உயிருள்ள கிருமியையே வாய் வழித் தடுப்பு மருந்தாகக் கொடுக்கலாம் என்று முயன்றார்கள். நச்சு இல்லாத கிருமி முயல் துண்டை வீங்க வைக்காது, அதை நானே என் கையால் அளந்திருக்கிறேன். ஆனால் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது அவர்களில் சிலருக்கு லேசான பேதியும் வயிற்று வலியும் வந்தன. நச்சே இல்லையே, பிறகு எப்படி? இந்தக் கேள்வி 20 ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது, ஏனென்றால் இருந்த விலங்கு எதிலும் அந்த லேசான பேதி வரவில்லை. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ வால்டரின் குழு முயல்குட்டிகளுக்கு வாய் வழியாகக் கிருமி கொடுக்கும் முறையைச் சீர்செய்தது. குட்டிகளில் அந்தப் பேதி வந்தது. அப்போதுதான் காரணத்தைத் தேட முடிந்தது. கிருமி நீந்துவதற்கு வைத்திருக்கும் வால் போன்ற கசையிழையின் புரதம்தான் குடலைத் தூண்டிவிடுகிறது, அந்தப் புரதத்தை நீக்கினால் குட்டிகளுக்குப் பேதி வருவதில்லை. பொருத்தமான விலங்கு ஒன்று இல்லாததால் ஒரு கேள்வி எத்தனை காலம் காத்திருந்தது என்று பாருங்கள்.

அந்தக் குட்டிகளோடு நானும் வேலை செய்திருக்கிறேன். பிறந்து இரண்டு மூன்று நாள், கண் திறக்காது, உள்ளங்கையில் அடங்கிவிடும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்க முதலில் ரானிடிடின், சில மணி நேரம் கழித்து சோடியம் பைகார்பனேட்டில் கலந்த கிருமியை மெல்லிய குழாய் வழியாக. மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி வாலடியைப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கிறதா, ஈரமா, வயிறு வரை நனைந்திருக்கிறதா என்று மதிப்பெண் போட வேண்டும். தாய் முயல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரே தடவைதான், அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். அந்த நேரம் தவறினால் குட்டிகள் கிருமியால் துவண்டனவா பசியால் துவண்டனவா என்று பிரிக்கவே முடியாது. எந்த ஆய்வுக் கட்டுரையும் இதையெல்லாம் எழுதாது. ஆனால் முடிவைத் தலைகீழாக மாற்றிவிடக்கூடிய விஷயங்கள் இவை.

இன்னொரு விலங்கு பால்குடி மாறாத சுண்டெலிக் குட்டி, நான்கைந்து நாள் வயது. இது பேதி போவதைக் கண்ணால் பார்ப்பது கடினம், கிருமி எவ்வளவு குடியேறியது என்பதைத்தான் அளக்க முடியும். 24 மணி நேரம் கழித்துக் குடலை அரைத்து, நீர்க்க வைத்து, அகார் தட்டில் பரப்பி, மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்ததை எண்ண வேண்டும். ஆனால் இந்த எளிய மாதிரி ஒரு கேள்விக்கு அற்புதமாகப் பதில் சொன்னது. 1987-ல் ரொனால்ட் டெய்லரும் சகாக்களும் காலரா கிருமியின் மேலுள்ள மயிரிழை போன்ற ஒரு உறுப்பைக் கண்டுபிடித்தார்கள், அது இல்லாத கிருமி எலிக்குட்டியில் குடியேறவில்லை. அடுத்த வருடமே தன்னார்வலர்களில் சோதித்தபோது அவர்களிடமும் குடியேறவில்லை. எலிக்குட்டி சொன்னது மனிதரிலும் அப்படியே நடந்தது.

ஆனால் அதே எலிக்குட்டியைத் தடுப்பூசி சோதனைக்குக் கொண்டுவந்தால் கதை சிக்கலாகிறது. நான்கு நாள் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு எதிர்ப்பு உருவாகும்வரை காத்திருந்தால் அது வளர்ந்துவிடும், வளர்ந்த எலியில் கிருமி ஒழுங்காகக் குடியேறாது. அதனால் தாய்க்குத் தடுப்பூசி போட்டு, பால் வழியாகக் குட்டிக்கு வரும் பாதுகாப்பை அளக்கிறோம். அதாவது நாம் அளப்பது குட்டியின் எதிர்ப்பை இல்லை, தாயின் எதிர்ப்புப் பொருள் குட்டியின் குடலுக்குள் வந்து செய்யும் வேலையை. எனக்கு ஒரு தடவை பெரிய அடி விழுந்தது இதில்தான். தடுப்பூசி போட்ட தாயின் குட்டிகளில் கிருமி எண்ணிக்கை பிரமாதமாகக் குறைந்திருந்தது, நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நான் வரைபடம்கூட வரைந்துவிட்டேன். ஆனால் ஒரு பக்கம் ஒரு தாய், இன்னொரு பக்கம் ஒரு தாய், அவ்வளவுதான். எட்டுக் குட்டி, எட்டுக் குட்டி என்று பதினாறாக நாங்கள் எண்ணியது உண்மையில் இரண்டு. அதிகத் தாய்களை வைத்து, பிறந்த அன்றே குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்து மறுபடி செய்தபோது அந்தப் பிரமாதம் பாதியாகச் சுருங்கியது. முதல் தடவை பயன்படுத்திய அத்தனை உயிரும் வீணாகப் போனது என் கணக்குப் பிழையால். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் எத்தனை தாய் என்ற எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன். பல கட்டுரைகளில் அது இருப்பதில்லை, அதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போது பன்றியைச் சொல்லாமல் விட முடியாது. நச்சு சுரக்கும் ஈ.கோலை என்ற வகை, சுருக்கமாக ஈடெக், பன்றிக்குட்டிகளையும் கொல்லும், மனிதக் குழந்தைகளையும் கொல்லும், வெளியூருக்குப் போகும் பயணிகளையும் படுக்க வைக்கும். பன்றிகளில் இந்தப் பிரச்சினைக்கு நல்ல தீர்வே கிடைத்துவிட்டது. கிருமி குடலில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் புரத இழையைத் தாய்ப்பன்றிக்கு ஊசியாகப் போட்டால் குட்டிகள் சீம்பால் குடித்துத் தப்பிக்கின்றன என்று 1973-ல் ரட்டரும் ஜோன்ஸும் காட்டினார்கள். பண்ணைகளில் இன்றும் அந்த வழியில் வந்த தடுப்பூசிகள்தான். அப்படியென்றால் மனிதருக்கும் அதையே செய்யலாமே? இங்கே விலங்கின் உடற்கூறு குறுக்கே வருகிறது. பன்றிக்குட்டி பிறக்கும்போது தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள் எதையும் வாங்கி வருவதில்லை, எல்லாமே சீம்பால் வழியாகத்தான். மனிதக் குழந்தைக்கோ பெரும்பங்கு நஞ்சுக்கொடி வழியாகப் பிறக்கும் முன்பே வந்துவிடுகிறது. போதாததற்கு, மனிதரைத் தாக்கும் ஈடெக்கின் ஒட்டும் இழைகள் வேறு, அவையும் ஒன்றிரண்டு வகை இல்லை, இருபதுக்கும் மேல். மனித வகைக் கிருமி பன்றியில் ஒட்டாது, எலியிலும் சரியாக ஒட்டாது. தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்குகளில் மனித ஈடெக்கும் கேம்பிலோபேக்டர் என்ற இன்னொரு கிருமியும் பேதியை உண்டாக்குகின்றன என்பதால் பெரு நாட்டில் அவற்றை வைத்துச் சில தடுப்பூசிகளைச் சோதித்தார்கள், நல்ல முடிவுகளும் வந்தன. ஆனால் குரங்கைப் பயன்படுத்துவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும், யோசிக்கவும் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கையைக் கட்டிப்போடுவது ஷிகெல்லாதான். ரத்தபேதிக்குக் காரணமான இந்தக் கிருமி மனிதருக்கு 10 முதல் 100 எண்ணிக்கை வயிற்றுக்குள் போனாலே போதும், படுக்க வைத்துவிடும். ரீசஸ் குரங்குக்கோ 100 கோடி, 1,000 கோடி என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. சாதாரண எலிக்கு எவ்வளவு கொடுத்தாலும் ரத்தபேதி வராது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் கிடைத்த வழியிலெல்லாம் போனார்கள். 1955-ல் ஹங்கேரியைச் சேர்ந்த செரெனி, கினிப்பன்றியின் கண்ணில் ஷிகெல்லாவை விட்டால் கண் கடுமையாக அழற்சி அடைகிறது என்று காட்டினார். கிருமிக்குச் செல்லுக்குள் நுழையும் திறன் இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை, பல பத்தாண்டுகள் தடுப்பூசிகளையும் அதில்தான் சோதித்தார்கள். ஆனால் அது கண். எலியின் மூக்கில் விட்டு நுரையீரலில் நிமோனியா வருகிறதா என்று பார்க்கும் முறையும் வந்தது, அது நுரையீரல். பெருங்குடலில் வரும் நோய்க்குக் கண்ணையும் நுரையீரலையும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கினிப்பன்றியின் வலியை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது, அந்தச் சோதனையை நான் செய்ததில்லை, செய்யச் சொன்னாலும் செய்ய மாட்டேன். 2020-ல்தான் எலிக்கு ஏன் ஷிகெல்லா வருவதில்லை என்பதற்கே தெளிவான விடை கிடைத்தது. எலியின் குடல் செல்களுக்குள் இருக்கும் ஒரு எச்சரிக்கை அமைப்பு, கிருமி நுழைந்தவுடன் அந்தச் செல்லையே சாகவைத்து வெளியே தள்ளிவிடுகிறது. அந்த அமைப்பின் மரபணுவை நீக்கிய எலிகளில், குடலின் பழைய நுண்ணுயிர்களை மருந்தால் குறைத்துவிட்டு, வாய் வழியாக ஷிகெல்லாவைக் கொடுத்தால் ரத்தபேதி மாதிரியான நோய் வருகிறது. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. அத்தனை வருடமாக எலி நமக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

விலங்கில் நல்ல முடிவு வந்து மனிதரில் கவிழ்ந்த கதைகளும் உண்டு. சோனி என்ற ஷிகெல்லா வகையின் வெளிச்சவ்விலிருந்து வரும் நுண்குமிழிகளால் ஆன ஒரு தடுப்பூசி விலங்குகளில் நன்றாக எதிர்ப்பை உண்டாக்கியது, தன்னார்வலர்களுக்குக் கிருமியையே கொடுத்துச் சோதித்தபோது பாதுகாக்கவில்லை. இது இன்னொரு பொதுவான வழுக்கல்: ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறியதை அளந்துவிட்டு நோயிலிருந்து பாதுகாப்பு என்று எழுதுவது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குப் பேதியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் கிருமியில், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற விலங்கின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். ஆன்டிபயாடிக் கொடுத்த ஹாம்ஸ்டர் அந்தக் கிருமியின் நச்சால் செத்துவிடும், நச்சுக்கு எதிரான தடுப்பூசி அதைக் காப்பாற்றும். மனிதரிலோ 2017-ல் ஒரு பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2022-ல் முடிந்த இன்னொன்று நோய் வருவதைத் தடுக்கும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

சரி, அப்படியானால் விலங்கே வேண்டாம், மனிதரிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். காலராவில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் உடனே நீரேற்றமும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் ஆபத்தில்லை. 2016-ல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற வாய் வழி காலரா மருந்து அப்படித் தன்னார்வலர்களுக்குக் கிருமி கொடுத்துச் செய்த சோதனையின் பலத்தில்தான் உரிமம் பெற்றது, 10 நாளில் 90 சதவீதமும் 3 மாதத்தில் 80 சதவீதமும் பாதுகாப்பு. ஆனால் அதே கிருமி வகையில் செய்த மருந்து, 1990-களில் ஜகார்த்தாவில் 67,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கள ஆய்வில் பாதுகாப்பைக் காட்டவில்லை. தன்னார்வலர்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆரோக்கியமான பெரியவர்கள். நோய் கொல்வதோ சத்துக்குறைவான, குடலில் ஏற்கெனவே நாலு கிருமி குடியிருக்கும் இரண்டு வயதுக் குழந்தையை. அந்தக் குழந்தைக்கு யாரும் கிருமி கொடுத்துப் பார்க்கப் போவதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆரோக்கியமான பெரியவரும் ஒரு மாதிரிதான், அவருக்கும் எல்லைகள் உண்டு. மனிதக் குடலின் ஸ்டெம் செல்லிலிருந்து தட்டில் வளர்க்கும் சிறு குடல் உருண்டைகள் வந்திருக்கின்றன, நச்சு எப்படி வேலை செய்கிறது, கிருமி எங்கே ஒட்டுகிறது என்ற கேள்விகளுக்கு இனி முயல் துண்டு தேவையே இல்லாமல் போகலாம், அந்த நாளுக்காக நான் காத்திருக்கிறேன். ஆனால் தாய்ப்பாலும் அமிலமும் அசைவும் நோயெதிர்ப்புச் செல்களும் ஒன்றாகச் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைத் தட்டு சொல்லாது.

1959 என்ற வருடத்தை நான் இரண்டு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறேன். ஒன்று டேயின் கட்டுரை. இன்னொன்று, அதே வருடம்தான் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விலங்கு ஆராய்ச்சிக்கு மூன்று கடமைகளை எழுதி வைத்தார்கள்: முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, எப்படியானாலும் துன்பத்தைக் குறை. விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் 'ஏன் இந்த விலங்கு?' என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் சில வருடங்கள் அதில் 'இது நிலைநாட்டப்பட்ட மாதிரி' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன், குழுவும் ஏற்றுக்கொண்டது. இப்போது அந்தக் கட்டத்தில் என் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுகிறேன், அதற்கடியில் இந்த விலங்கால் பதில் சொல்ல முடியாத கேள்விகளையும் எழுதுகிறேன். இரண்டாவது பட்டியல் எப்போதும் நீளமாக இருக்கும். அதை எழுதி முடித்தபின் சோதனையே வேண்டாம் என்று இரண்டு தடவை கைவிட்டிருக்கிறேன்.

முயல்குட்டிகளிடம் திரும்பி வருகிறேன் என்றேனே. 2018-ல் அதே வால்டர் குழு, ஹைத்தியில் பரவிய கிருமியிலிருந்து உருவாக்கிய உயிருள்ள காலரா மருந்தை அந்தக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே நாள் கழித்து வீரியமுள்ள காலரா கிருமியைக் கொடுத்தது. குட்டிகள் நோயிலிருந்து தப்பித்தன. ஒரு நாளில் எதிர்ப்புப் பொருள் உருவாக வாய்ப்பே இல்லை, அதுவும் இரண்டு நாள் குட்டியின் உடலில். அதாவது அந்தப் பாதுகாப்பு நோயெதிர்ப்பால் வந்தது இல்லை, மருந்தில் இருந்த கிருமி முன்கூட்டியே குடலில் இருந்ததால் வந்தது. வளர்ந்த விலங்காக இருந்தால் இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். எந்தக் குறையைச் சொல்லி நான் இந்தக் குட்டிகளைத் தடுப்பூசி ஆய்வுக்குச் சரிப்படாது என்று நினைத்தேனோ, அதாவது அவற்றின் நோயெதிர்ப்பு இன்னும் முதிரவில்லை என்பது, அதுவேதான் இங்கே கேள்விக்குப் பொருத்தமாக அமைந்தது. ஒரு ஊரில் காலரா பரவத் தொடங்கிய அன்றே கொடுத்து மறுநாளே காக்கும் மருந்து சாத்தியமா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது, அதற்கான பதிலைக் குட்டிகளால் சொல்ல முடியாது, இனி மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.